சுண்ணாம்புக் கோடும் உன் அப்பாவும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லாம் நல்லபடி என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மூன்று நாளாக உன் அப்பா ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், காரணம் நீ. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுசாகப் படி.

போர் நினைவு மண்டபத்துக்குப் புது வாசல் வரைகிற வேலை உனக்கு வந்தபோது தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தவள் நான்தான். உன் சொந்தப் பெயரில் வந்த முதல் வேலையாயிற்றே. ஆனால் அன்றிலிருந்து கடைப்பக்கம் போனால் நிம்மதி இல்லை. பழைய கல் மண்டபத்துக்கு ஜவுளிக்கடை மாதிரி கண்ணாடிக் கதவு எதற்கு என்று மருந்துக்கடைக்காரர் கேட்கிறார், பதினோரு படியில் பாதியை மூடிச் சரிவுப் பாதை போட உன் பிள்ளைக்கு எப்படி மனசு வந்தது என்று தபால்காரர் கேட்கிறார், ஏதோ நான் உட்கார்ந்து வரைந்த மாதிரி. (அந்தக் கண்ணாடியைத் தினமும் யார் துடைப்பது என்று மட்டும் நானும் கேட்கிறேன்.) மண்டபக் கமிட்டித் தலைவர், அதுதான் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மீசைக்காரர், படி ஏற முடியாதவர்களுக்குப் பின்பக்கம் விளக்குமாறு வைக்கிற அறை வழியாக ஒரு கதவு இருக்கிறதே, அது போதாதா என்கிறார். காகிதத்தில் புரியவில்லை, தரையில் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டதும், நீ அளவுகளை அனுப்பி அப்பாவைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடச் சொன்னாய் பார், அங்கேதான் வினை ஆரம்பித்தது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவரிடம் போய் யாராவது வளைவு போடச் சொல்வார்களா?

சரிவு திரும்புகிற இடத்துக்கு நீ ஐந்தடி எழுதியிருந்தாய். இதில் வண்டி திரும்பாது என்று அவராகவே எட்டடி ஆக்கிவிட்டார், என்னிடம்கூட மூச்சு விடவில்லை. கோடு நேரே போய், மீசைக்காரர் தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற பூச்செடிப் பாத்திக்குள் ஏறிவிட்டது. இது வரைபடத்தில் இருக்கிற அளவுதானா என்று அவர் கேட்க, உன் அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஆமாம் என்றார். அந்த மனிதர் விடுவாரா, டேப்பை வாங்கித் தானே அளந்து பார்த்துவிட்டு, மூன்றடி கூட இருக்கிறது, அளக்கத் தெரியாதவனுக்கு இந்த வேலை எதற்கு, பின்கதவையே முடிவு செய்யலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இது காதுக்கு எட்டிய கோபத்தில் நீ அப்பாவிடம் போனில் கத்தினாய். கத்தியது சரிதான், நானும் கத்தினேன். ஆனால் உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவரை அப்படிக் கேட்க இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உரிமை.

நீ கேட்காமல் விட்ட மிச்சத்தைச் சொல்கிறேன். மறுநாள் காலை கோட்டைக் கழுவிவிடப் போகிறார்கள் என்று தெரிந்து, வர மாட்டேன் என்றவரையும் இழுத்துக்கொண்டு நானே போனேன். இரண்டு கால்களையும் போரில் இழந்த ஒருவர் வாராவாரம் மனைவியோடு வருவார், அன்றைக்கும் வந்திருந்தார். அந்தம்மா சக்கர நாற்காலியைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் மேலே போய், அவருடைய கூட்டாளிகளின் பெயர்களைத் தொட்டுவிட்டு வருவாள். நான் அப்பாவிடம் உள்பக்கம் உன் ஐந்தடிக் கோட்டையும் போடச் சொன்னேன். பிறகு, கோட்டைக் கழுவ ஆளோடு வந்து நின்ற மீசைக்காரரைப் பார்த்து, இவர் நாற்காலியை நீங்களே தள்ளுங்கள் என்றேன். உன் கோட்டில் நாற்காலி திரும்பியது, ஆனால் தள்ளின மனிதரின் கால் இரண்டு தடவை கோட்டுக்கு வெளியே போயிற்று. அப்பாவின் கோட்டில் ஒரே வீச்சில் திரும்பினார். நீ நாற்காலியை மட்டும் அளந்திருக்கிறாய், தள்ளுகிறவளை அளக்கவில்லை. இவ்வளவு படிக்க வைத்தும் இப்படியா?

அப்போதும் மீசைக்காரர் இறங்கி வரவில்லை. பெற்றவள் பிள்ளைக்காகத்தானே பேசுவீர்கள் என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை ஆத்திரம். நான் யாருக்கும் அம்மாவாக இங்கே வரவில்லை, உள்ளே மூன்றாவது கல்லில் பேர் இருக்கிறவனுக்கு அக்காவாக வந்திருக்கிறேன் என்றேன். முட்டி வலி என்று உன்னிடம் சாதாரணமாகத்தான் சொல்லியிருக்கிறேன், உண்மையில் ஆறு வருஷமாக அந்தப் படிகளை ஏற முடியாமல் உன் மாமாவின் பேரைப் பார்க்கவில்லையடா. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்று போன வருஷம் இவர்களே சொன்னார்கள். என் தம்பியைப் பார்க்க நான் மூட்டை மாதிரி போக மாட்டேன், விளக்குமாறுகளுக்கு நடுவில் புகுந்தும் போக மாட்டேன். இதையும் சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. மீசைக்காரர் போய்ச் செடிப் பாத்தியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பாத்தியை வேண்டுமானால் நகர்த்திக்கொள்ளலாம், எட்டடி போட்டுப் புது வரைபடம் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் பின்கதவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் எட்டடியாகத் திருத்தி அனுப்பு. அதற்கு முன் அப்பாவுக்குப் போன் பண்ணு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கேட்டால் அவர் இன்னும் ஏறிக்கொள்வார், கைப்பிடி எந்த உயரத்தில் வைக்கலாம் என்று கேள், போதும். நேரத்துக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசி.

வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. உன் மாமா இருபத்திரண்டு வயதிலேயே நின்றுவிட்டான், அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. எனக்கு எழுபத்தொன்று முடிகிறது.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அம்மா