கண்ணாடிப் பெட்டியில் விழுந்த வெள்ளிக் கால்

சம்பந்தி,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உங்கள் மகன் அனுப்பிய பெட்டியில், நீங்கள் லண்டனில் போட்டிருந்த கம்பளிக் காலுறை இருந்தது. போய்ச்சேர்ந்தவர் பொருளாயிற்றே என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், மார்கழிக் குளிருக்கு இதமாயிருக்கிறதே என்று மாட்டிக்கொண்டேன். நாலு நாளாகக் கழற்றவில்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள்: "ஏன் சம்பந்தி, நீடாமங்கலத்துல சாக்ஸ் விக்கிறதில்லையா?"

இதே காலுறையோடுதான் அந்த அருங்காட்சியகத்தில் வழுக்கினீர்கள். உங்கள் மகனும் என் மகளும் அங்கே வீடு வாங்கிப் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள் என்று இருவரும் போயிருந்தோம். கல்யாணத்தில் என் வீட்டுச் சாம்பாரை, "கீழ்வேளூர்ல இத ரசம்னு சொல்லுவோம்" என்றீர்களே, அதிலிருந்து நமக்குள் பேச்சு அளவுதான். அப்படிப்பட்ட நம்மை, இரண்டு பெண்கள்தானே என்று ஒரு மாதம் ஒரே அறையில் போட்டார்கள்.

அங்கே வைத்திருந்தவை, ரோமானியர் காலத்து ஊர் ஒன்றில், உழுத நிலத்துக்கு அடியில் கிடைத்த வெள்ளிச் சாமான்களாம். கிண்ணம், வடிகட்டி, இலை மாதிரி மெல்லிய தகடுகள். அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவம் வந்த புதிதில், அவர்கள் வழிபாட்டில் வைத்திருந்தது என்று உங்கள் மகன் படித்துச் சொன்னார். சாமி சாமான் என்று கேட்டதுமே நீங்கள் ஷூவைக் கழற்றினீர்கள். பளிங்குத் தரை. வழுக்கி என்மேல் சாய்ந்தீர்கள். என் முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது.

அந்த முட்டிக்குத்தான் தஞ்சாவூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். இனிமேல் நடவுக்கு வயலில் இறங்குவேனா என்று உள்ளுக்குள் உதறல். வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நேந்துக்கிட்டத முடிச்சிட்டேன்னு ஒரு பொம்பள இந்தத் தகட்டுல எழுதியிருக்கா, அத்தை" என்றார் உங்கள் மகன். "பழைய சாமி கோயில்ல வைக்கிற மாதிரித் தகட்ட, கிறிஸ்தவங்களா மாறின இவங்க ஏன் வச்சாங்கன்னு படிச்சவங்களே யோசிக்கிறாங்களாம்."

நீங்கள் சிரித்தீர்கள். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? சாமி புதுசு. முட்டிவலி பழசு. வேளாங்கண்ணிக் கடையில கை, கால் பொறிச்ச தகட்ட தட்டு தட்டா வச்சிருக்கான், போய்ப் பாக்கச் சொல்லு."

சொன்னவர் சட்டென்று பையைத் துழாவினீர்கள். மணிபர்ஸிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தீர்கள். கால் பொறித்த வெள்ளித் தகடு. வேளாங்கண்ணியில் போட நேர்ந்துகொண்டு, விமானம் ஏறும் அவசரத்தில் மறந்தது. வாசலில் நன்கொடைக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. "அவளே முடிச்சிட்டா, நான் இழுத்தடிக்கிறேன்" என்று அதில் போட்டுவிட்டீர்கள்.

"யாரு காலு சம்பந்தி?"

"உங்க காலுதான். நீங்க படுத்துட்டா நான் யார வம்புக்கிழுக்கிறது?"

அதற்குள் காவலாளி ஓடிவந்துவிட்டார். உள்ளேயிருந்து எடுத்த புதையல் என்று நினைத்துவிட்டார் போல. தன் காலைத் தட்டித் தட்டிக் காட்டி, உங்கள் மகன் கால்மணி நேரம் விளக்கினார்.

ஆபரேஷன் முடிந்து முட்டி தேறிவிட்டது. நடவில் நின்று உங்களுக்குப் படம் அனுப்பினேன். உங்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. "எதுக்கும் வேளாங்கண்ணியிலயும் ஒண்ணு போட்டுருங்க. நேர்ந்த எடம் வேற, போட்ட எடம் வேற ஆயிட்டுது" என்று போனில் சொல்லிக்கொண்டேயிருந்தீர்கள். அறுப்பு முடியட்டும், மழை விடட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

இந்த இரண்டு காலில் ஒரு கால் உங்களுடையது, சம்பந்தி. வரப்பில் ஏறும்போதெல்லாம் அதைத்தான் முதலில் வைக்கிறேன்.

நேற்று வேளாங்கண்ணிக்குப் போனேன். வெள்ளியில் கால் வாங்கி, கைக்குட்டையில் முடிந்து, உங்களை நினைத்துக் கண்ணை மூடியபடி முடிச்சோடு உண்டியலில் போட்டேன். வீட்டுச் சாவியும் அந்த முடிச்சில்தான் இருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தோம்.