அஸ்தினாபுரத்தில் கட்டிலடியில் இருக்கும் ஐந்து டின் சில்லறை

அனுப்புநர்:
திருமதி எஸ். ரத்தினபாய்,
இரண்டாம் வகுப்பு ஆசிரியை,
அஸ்தினாபுரம், சென்னை – 64.

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
செங்கை வளர்ச்சி வங்கி,
மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: சில்லறைக் காசுகளைக் கழிவு இல்லாமல் மாற்றித் தரக் கோருவதும், அது தொடர்பாக எனக்கு வந்திருக்கும் ஆபத்தைத் தெரிவிப்பதும்.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் தனியாகக் குடியிருக்கும் விதவை. எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கத்துக்குப் பொருளாளர். எங்கள் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஸ்தோத்திரப் பெட்டி உண்டு. காய்ச்சல் விட்டது, பிள்ளை பாஸானது, குழாயில் தண்ணீர் வந்தது என்று நன்றி சொல்ல ஏதாவது கிடைக்கும்போதெல்லாம் அதில் ஒரு காசு போடுவோம். ஏழு வருடம் திறப்பதில்லை என்று தீர்மானித்து, சென்ற ஜூன் மாதம் திறந்தோம். மூன்று நாள் உட்கார்ந்து எண்ணியதில் ரூ. 3,846.65 இருந்தது. பெரும்பாலும் பத்துப் பைசாவும் இருபது பைசாவும். இந்தப் பணத்தில் அருள்மேரிக்கும் கங்கம்மாவுக்கும் ஆளுக்கொரு தையல் மிஷின் வாங்கித் தருவதாகச் சங்கத்தில் முடிவாயிற்று. இருவரும் கணவனை இழந்தவர்கள்.

2. பெட்டியை மூடிய வருடத்தில் பத்துப் பைசாவை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இப்போது மளிகைக் கடையிலும் வாங்குவதில்லை, பஸ்ஸிலும் வாங்குவதில்லை. செல்லாது என்று சர்க்கார் சொன்னதாகத் தெரியவில்லை. கடைக்காரர்களே சொல்லிக்கொள்கிறார்கள். ஆகையால் 15.7.96 அன்று தங்கள் அஸ்தினாபுரம் கிளைக்குச் சென்றேன். அங்கே பியூன் திரு. அரிகிருஷ்ணன் என்னை உள்ளே விடவில்லை. "மேனேஜர் பிஸிம்மா. இத்தையெல்லாம் எண்ண இங்க ஆள் இல்ல. வெளிய டீக்கடைல துரைன்னு ஒருத்தர் கீறாரு, அவராண்ட போங்க" என்றார். துரை என்பவர் நூறு ரூபாய் சில்லறைக்கு எண்பது ரூபாயை நோட்டாகத் தருகிறவர்.

3. துரை கேட்கும் கழிவைக் கொடுத்தால் இரண்டு மிஷின் ஒரு மிஷினாகிவிடும். அருள்மேரிக்கா கங்கம்மாவுக்கா என்று நான் யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது? அதோடு, அது நன்றி சொல்லிப் போட்ட காசு. அதில் துரைக்குப் பங்கு வைக்க எனக்கு அதிகாரமில்லை. துரையிடம் மாட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

4. இதன் பிறகு நான் செய்தது என் புத்தியீனம். வகுப்பில் எதையும் விவரமாக எழுதச் சொல்லிக் கொடுத்தே பழகியவள். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மொத்தம் ஐந்து பிஸ்கட் டின், முன் அறைக் கட்டிலின் அடியில் இருக்கிறது, ஏறக்குறைய ஐம்பது கிலோ கனமாதலால் என்னால் தூக்கிவர இயலாது, வீட்டில் ஆண் துணை இல்லை, மாலை ஐந்து மணிக்கு மேல் நான் மட்டும் இருப்பேன், தயவுசெய்து யாரையாவது அனுப்பவும் என்று எழுதி, வீட்டு விலாசமும் வழியும் போட்டு, அந்தப் பியூன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

5. 3.8.96 சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. வங்கியிலிருந்து ஆள் வந்துவிட்டதென்று சந்தோஷமாகத் திறந்தேன். துரை நின்றார். அவர் கையில் இருந்தது என் கடிதம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், கட்டிலாண்ட அஞ்சு டின்னு கீதுன்னு நீங்கதான எழுதிகினு வந்தீங்க? ஒத்தையா கீறீங்க. நூத்துக்கு இருவது குடுத்துட்டு நிம்மதியா இருங்க. இன்னாத்துக்கு பேஜாரு?" குரலை உயர்த்தவில்லை. என் தோளுக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

6. அதன்பின் மூன்று நாள் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே அவரைப் பார்த்தேன். ஒரு நாள் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் டீச்சர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார் என்று விசாரித்திருக்கிறார். காவல் நிலையத்தில் சொன்னேன். "எதுனா எடுத்துனு போனானாம்மா? போனா வந்து சொல்லு" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு அது சரியாகப்படலாம். எடுத்துக்கொண்டு போகும்போது நான் குறுக்கே நின்றால் பிறகு போய்ச் சொல்ல நான் இருக்கவேண்டுமே ஐயா. டின்களை வேறு வீட்டுக்கு மாற்றலாமென்றால், தூக்கும்போது தெருவே பார்க்கும். அந்த வீட்டாருக்கும் என் கதிதான் வரும். கழிவுப் பணத்தை என் சம்பளத்திலிருந்து கொடுத்து ஆளை அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை பயந்து கொடுத்துவிட்டால் அதோடு போய்விடுவாரா?

7. ஆகையால் தங்களை மன்றாடிக் கேட்பது: தங்கள் அலுவலகத்திலிருந்தே நம்பகமான ஒருவரைப் பகல் வேளையில் அனுப்பி, சபையார் முன்னிலையில் எண்ணி எடுத்துக்கொண்டு, பைசா குறையாமல் நோட்டாகத் தர உத்தரவிட வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தால் என் கைக்காசைப் போட்டுச் சரிசெய்கிறேன். என் கடிதம் எப்படி வெளியே போயிற்று என்பதையும் விசாரிக்க வேண்டும். வருகிறவர் முன்கூட்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தகவல் சொல்லட்டும். இப்போதெல்லாம் யார் தட்டினாலும் நான் கதவைத் திறப்பதில்லை.

8. இன்னும் ஒன்று. பெயர் போடாமல் எழுதுங்கள் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் சொன்னார்கள். பெயரில்லாத மனுவை யாரும் படிப்பதில்லை என்பதால் பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறேன். வந்த புகாரைச் சம்பந்தப்பட்ட கிளைக்கே அனுப்பி விளக்கம் கேட்பது அலுவலக வழக்கம் என்று அறிகிறேன். இந்த மனுவை மட்டும் அப்படி அனுப்பிவிடாதீர்கள் ஐயா. அங்கே தபாலைப் பிரிப்பவர் திரு. அரிகிருஷ்ணன்.

இடம்: அஸ்தினாபுரம்
நாள்: 12.8.1996

தங்கள் பதிலை நம்பிக் காத்திருக்கும்,
(ஒப்பம்) எஸ். ரத்தினபாய்