ஒற்றைச் செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் கல்லு மாதிரி இருக்கிறேன்.

நான் அனுப்பிய பூங்கா போட்டோவைப் பார்த்துவிட்டு அத்தை, "சம்பாதிக்கப் போனாளா, ஊர் சுத்தப் போனாளா?" என்று கேட்டாளாமே. ஆறு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறேன். ஏழாம் நாள் என்னுடையது. போன மாதம் பூங்காவுக்குப் போனேன், நாடகம் பார்த்தேன்; இந்த ஞாயிறு கடலுக்குப் போனேன். சுற்றத்தான் செய்வேன் என்று சொல்லிவிடு.

அலை ஒரு செருப்பைக் கொண்டுபோய்விட்டது. பயப்படாதே, கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "இன்னொண்ணு எங்கம்மா?" என்றார். "கடலுக்குக் குடுத்துட்டேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

புதுச் செருப்பு வாங்கப்போகிறேன், உனக்கும் ஒரு ஜோடி. காகிதத்தில் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இரண்டு காலும் வேண்டும். மடிக்காமல் அனுப்பு. வாங்கிய பிறகும் அந்தக் காகிதம் என்னிடமே இருக்கட்டும்.

துவைக்கிற மெஷின் நின்றுவிட்டது, விரிப்புகளை எடுக்கச் சொல்லி சூப்பர்வைசர் கத்துகிறாள். வரும் ஞாயிறும் கடலுக்குத்தான். அத்தையின் கால் அளவையும் சேர்த்து அனுப்பு. ஒருநாள் அவளும் வந்து சுற்றட்டும்.

உன் மகள்