தெளிவாக விழுந்த படம்

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் வளவோரம் வாவிக்கரையில் மணல் அள்ள வந்த டிராக்டரைத் தம்பி மறித்தான். சாரதி மண்வெட்டிப் பிடியால் அவன் தலையில் அடித்தான். இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நான் போனில் படம் எடுத்தேன். கை நடுங்கி எல்லாம் கலங்கிப்போயின. முகமும் தெரியவில்லை, இலக்கத் தகடும் தெரியவில்லை.

தென்னையில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு இறுக்கி, மூச்சை அடக்கி மறுபடி எடுத்தேன். அந்த ஒன்றுதான் தெளிவாக விழுந்தது. அதற்குள் தம்பி மண்வெட்டியைப் பறித்திருந்தான். படத்தில் சாரதி கீழே கிடக்கிறான். தம்பி ஓங்கிக்கொண்டு நிற்கிறான்.

ஆஸ்பத்திரியில் தம்பி தலைக்கட்டோடு கேட்டான்: "அக்கா, அவன் எனக்கு அடிச்சது படத்தில இருக்கா?"

"எல்லாம் கலங்கிப்போச்சுடா," என்றேன்.

சாரதிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லையாம். காலையில் பொலிசார் போனைக் கேட்பார்கள். படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.