பப்பாளி டப்பாவில் சப்போட்டா விதை

ஜூலை 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகப் பப்பாளியை அறுத்தேன். பல்கூடத் தேய்க்கவில்லை. தோல் சீவி, விதையை வழித்தெடுத்து, ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, மேடத்தின் பழ டப்பாவில் அடுக்கினேன். மேலே முள்கரண்டியைச் செருகி மூடினேன்.

மேடம் என்பது என் கணவர் தன் மகளுக்கு வைத்த பெயர். பத்து வயதில் அத்தனை நிதானம். எனக்கும் அதுவே பழகிவிட்டது. அவள்தான் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சித்தி என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். "இங்க பாருங்க" என்பதை வைத்தே நான் இந்த வீட்டுக்கு வந்த ஒரு வருடத்தையும் ஓட்டிவிட்டாள்.

சாயங்காலம் கழுவ டப்பாவைத் திறந்தால் உள்ளே இரண்டு விதை. கறுப்பாக, தட்டையாக, வழவழவென்று. சப்போட்டா விதை.

நான் வைத்தது பப்பாளி.

குப்பையைப் பள்ளியில் போடாதே, டப்பாவிலேயே கொண்டு வா என்று போன வாரம் சொல்லி வைத்தது நான்தான். அதை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். அப்படியென்றால் பப்பாளி எங்கே போனது?

அவரிடம் காட்டினேன். "பப்பாளிலயும் கறுப்பு விதைதானே இருக்கும்?" என்றார். மிளகு சைஸில் இருப்பதும் இதுவும் ஒன்றா? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

"லேப்ல நோண்டறது போதாதா உனக்கு? வீட்லயுமா?" — சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 4, செவ்வாய்

மேடத்தையே கேட்டேன்.

"ஃப்ரெண்ட் குடுத்தா."

"எந்த ஃப்ரெண்ட்?"

"நிறையப் பேர் இருக்காங்க."

பதில் சொல்லும்போது ஷூ வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது.

என் பழத்தைத் தூக்கிப் போடுகிறாளா? போடட்டும், அது எனக்குப் புரியும். ஆனால் பப்பாளி வைக்கச் சொன்னதே இவர்தான். கல்யாணமான முதல் வாரத்தில் சொன்னார்: "பப்பாளி வெச்சுக் குடு. உயிரையே விட்டுடுவா." அன்றிலிருந்து அநேகமாக தினமும் பப்பாளிதான். பிடித்த பழத்தை ஏன் போடப் போகிறாள்? கொடுப்பது நான் என்பதாலா?

ஜூலை 6, வியாழன்

இவருடைய வண்டிப் பெட்டியில் ஒரு பை சப்போட்டா!

கடையில் தக்காளிக்கும் ஆப்பிளுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத மனிதர். இத்தனை வருடத்தில் தானாகப் பழம் வாங்கினவர் இல்லை என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"ஏது இது?"

"நாலு நாளா சப்போட்டா சப்போட்டான்னு நீதான் புலம்பறே. ஆசையா இருக்குபோலன்னு வாங்கிட்டு வந்தேன்."

நியாயமான பதில்தான். நியாயமாக இருப்பதுதான் உறுத்துகிறது. யோசித்து வைத்திருந்த பதிலா? மதியத்தில் இவர் எங்கே சாப்பிடுகிறார்? யாரோடு? மேடத்தைப் பெற்றவளோடா? பள்ளிக்கூடம் இவருடைய ஆபீஸுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

சீ, என்ன புத்தி இது.

இரண்டு பழம் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 7, வெள்ளி

இன்று டப்பாவில் பேரீச்சங்கொட்டை. நான் வைத்தது பப்பாளி.

ஜூலை 9, ஞாயிறு

மாதத்தில் ஒரு ஞாயிறு மேடம் அவளுடைய அம்மாவோடு. கோர்ட்டில் முடிவானது அது. இவர்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். போகும்போது புதுச் சட்டை. புதுசா, இஸ்திரி போட்டதால் அப்படித் தெரிந்ததா?

"அவங்க எப்படி இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். வாசல்லயே எறக்கி விட்டேன்." பிறகு, நான் கேட்காமலே: "மாசம் ஒரு நாள்னா ஒரு நாள்தான். அதுக்கு மேல ஒரு தடவை அவ பொண்ணு பக்கத்துல வந்தாள்னு தெரிஞ்சாலும் இந்த ஞாயித்துக்கிழமையும் கிடையாது. வக்கீல்கிட்ட சொல்லியே வெச்சிருக்கேன்."

இவ்வளவு கோபத்துக்கு என்ன அவசியம்? நான் கேட்டது எப்படி இருக்கிறாள் என்றுதானே. கோபமும் ஒரு திரையாக இருக்கலாம். நாளைக்கே சந்திக்கப்போகிறவன்கூட இப்படித்தான் கத்துவான்.

இல்லை, இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நேரில் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஜூலை 12, புதன்

 வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பள்ளிக்குப் போனேன். குழந்தைகளுக்கு ஊட்டிவிட வரும் அம்மாக்களை அந்த நேரத்தில் உள்ளே விடுவார்கள். வாட்ச்மேனிடம் மேடத்தின் பெயரையும் வகுப்பையும் சொன்னேன்.

"அந்தப் பாப்பாவோட அம்மா உள்ளதானே இருக்காங்க? தெனம் வர்றவங்க. நீங்க யாரு?"

நான் யார்? வாய் தானாகச் சொன்னது: "சித்தி."

"ஓ, தங்கச்சியா! மூஞ்சில சாயலே இல்லையேம்மா" என்று கதவைத் திறந்துவிட்டார்.

இவர் இருப்பார் என்று நினைத்தேன். இல்லை — இருக்க வேண்டும் என்று விரும்பினேனோ? இருந்திருந்தால் என் சந்தேகமாவது பிழைத்திருக்கும். கண் முதலில் இவர் சட்டையைத்தான் தேடியது. எங்கும் இல்லை. மரத்தடி சிமென்ட் பெஞ்சில் இரண்டே பேர். மேடமும், சூப்பர் மார்க்கெட் சீருடையில், நெஞ்சில் பெயர் அட்டையோடு ஒரு பெண்ணும். போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். அடிக்கொருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சப்போட்டாவைத் தோலுரித்து மகள் கையில் வைத்தாள்.

அவர்களுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்த் தொட்டி. அதன் மறைவில் நின்றேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் நின்றேன்.

என் டப்பா திறந்திருந்தது. மேடம் முள்கரண்டியில் பப்பாளித் துண்டைக் குத்தி அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"போதும்டி. நீயும் ஒண்ணு சாப்பிடேன்."

"அய்ய. எனக்கு அந்த வாசனையே பிடிக்காது, உனக்குத்தானே பிடிக்கும். முழுசா சாப்பிடு. அப்படியே கொண்டுபோகவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. பாவம், காலைல எந்திரிச்ச உடனே வெட்டறாங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "நல்லாத்தான் வெட்டறாங்க. ஸ்கேல் வெச்ச மாதிரி."

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வெளியே வரும்போது வாட்ச்மேன் கேட்டார், "பாத்துட்டீங்களா அக்காவை?"

பார்த்துவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்

பப்பாளிக்கு உயிரை விடுவது மகள் இல்லை. அவளுடைய அம்மா. இவர் மனசில் இரண்டும் குழம்பிக் கிடக்கிறது. முதல் மனைவிக்குப் பிடித்த பழத்தை மகளுக்குப் பிடித்ததாக நினைத்து என்னை வைக்கச் சொல்லியிருக்கிறார். நானும் ஒரு வருடமாக விடிந்ததும் எழுந்து அந்தப் பெண்ணுக்குப் பழம் நறுக்கியிருக்கிறேன்.

சிரிப்பாகவும் இருக்கிறது. வலிக்கவும் செய்கிறது. அவளுக்குப் பிடித்தது இவருக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கு என்ன பழம் பிடிக்கும் என்று இவருக்குத் தெரியுமா? ஒரு பை சப்போட்டா வாங்கி வந்தாரே, அது கணக்கில் வருமா?

சாப்பிடும்போது இவரே பேச்சை எடுத்தார். "என்ன, உன் சப்போட்டா கேஸ் என்னாச்சு? குற்றவாளி கிடைச்சாச்சா?"

மேடம் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். கை மட்டும் நின்றுவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் வக்கீலுக்குப் போன் போடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

"ஃப்ரெண்ட் குடுத்ததாம்" என்றேன்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்!" என்று இவர் சிரித்தார்.

மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்த ஒரு வருடத்தில் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வரட்டும், இத்தனை நாள் எனக்கு இருந்ததுதானே.

ஜூலை 16, ஞாயிறு

ஏன் சொல்லவில்லை? இரக்கமா? அல்லது இவருக்குத் தெரியாத ஒன்று என் கையில் இருக்கட்டும் என்ற நப்பாசையா? இவரைச் சந்தேகப்பட்டு முடித்தேன், இப்போது என்னையே சந்தேகப்படுகிறேன். லேபில் மாதிரியில் சந்தேகம் வந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்போம். மனசை எங்கே மறுபடி எடுப்பது?

மார்க்கெட் போயிருந்தேன். மேடத்துக்கு உண்மையில் எது பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கிளம்பினேன். பழத் தட்டுக்கு முன்னால் நின்றபோது அது வேண்டாம் என்று தோன்றியது. அவளுக்குப் பிடித்ததைத் தெரிந்த ஆள் வேளை தவறாமல் கொண்டுவருகிறாள். அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

நல்ல பழுத்த பப்பாளியாக ஒன்று வாங்கினேன். வழக்கமாக வாங்குவதைவிடப் பெரியது. வீட்டுக்கு வந்ததும் அலமாரி இழுப்பறையைக் குடைந்து, மேடத்தின் முள்கரண்டிக்கு ஜோடியாக இன்னொன்று தேடி எடுத்துக் கழுவி வைத்தேன்.

"என்ன உருட்டற அங்க?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

நாளைக்கு டப்பாவில் இரண்டு முள்கரண்டியையும் வைக்கப்போகிறேன்.