கூடாரத்துக்கு வெளியே

ஜனவரி 4, சனி

நைட் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால், சஜின் இன்றும் பால்கனியில்தான் படுத்திருக்கிறார். போர்வை பனியில் நனைந்திருந்தது. அறைக்குள் படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். லிஃப்டில் ஏறுவதில்லை, ஆறு மாடியும் படிதான்.

அக்டோபரில் எண்ணெய் டேங்கைக் கழுவ உள்ளே இறங்கிய, கூட வேலை பார்த்த ரவிசங்கர் வாயு தாக்கி இறந்தபோது, வெளியே கயிற்றைப் பிடித்து நின்றது இவர். கூப்பிடக் கூப்பிட உள்ளிருந்து பதில் வரவில்லை. அன்றிலிருந்து இவரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஆமா. இல்ல. போதும். புஜைராவில், புருஷன் பெண்டாட்டி எங்கள் இருவரின் பேச்சு இவ்வளவுதான்.

ஜனவரி 6

டாக்டரிடம் போவோமா என்று கேட்டேன்.

"எனக்கென்ன பைத்தியமா?"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி ஒரு மாதம் இருக்கும்.

ஜனவரி 9

மிலீஹா பக்கம் பாலைவனப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கலாம், காலையில் பாறை மலையில் ஏறலாம் என்று வார்டில் அஃபீஃபா சொன்னாள். சுவர் கிடையாது, கூரை கிடையாது. அங்கேயாவது அவருக்கு மூச்சு வராதா?

கேட்டேன். தலையாட்டினார். சமையலறைக்குள் போய் நின்று மாதாவை விளித்தேன்.

ஜனவரி 11, சனி

எங்கு பார்த்தாலும் சிவப்பு மணல். முளையடிக்கத் தெரியாமல் நான் தடுமாறினேன். சஜின் வந்து வாங்கி அடித்தார். குளச்சல் கடற்கரையில் வளர்ந்தவர், முடிச்சு அவ்வளவு அழகாக விழுந்தது. பிறகு கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

கூடாரம் என்றால் கயிறும் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

சுட்ட நெய்மீனைத் தொடவில்லை. இருட்டிவிட்டது. உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். நான் உள்ளே, அவர் வெளியே மணலில். நடுவில் ஒரு துணிதான்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதினாத்தான் மனசு அடங்கும்.

விடிஞ்சதும் மலைக்கு நடந்தோம். அவரு முன்னால. "பைய போங்க, என்னால முடியல்ல"ன்னு சத்தம் போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல்ல. பாறை வளைவைத் தாண்டினா ஆளைக் காணோம். அவரு போன் காரில கெடக்கு. சஜின், சஜின்னு தொண்டை கிழிய விளிச்சேன். பதில் இல்ல. மாதாவே, பதில் இல்ல.

பதில் வராத இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே நிற்பது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கீழே ஓடிவந்து காவலாளி அஸ்கர் அலியிடம் அழுதேன். பெஷாவர்க்காரர். என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றினார். மறுபக்கம், ஒரு ஒற்றை மரத்தடியில் சஜின் உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. அஸ்கர் அலி ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார். "அண்ணி, ஆள் உயிரோடு இருக்கிறார். இப்போது அது போதும்" என்று ஹிந்தியில் சொன்னார்.

திரும்பும்போது காரில் சஜின் பேசினார்.

"திரும்பி வரக்கூடாதுன்னுதான் போனேன்."

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"இவ்வளவு வெட்டவெளி. இங்கயும் மூச்சு முட்டுது, ஜெஸ்மி. இங்கயும் நான் அவனத்தான் விளிச்சிட்டிருக்கேன்."

ஜனவரி 13

டாக்டரிடம் வந்தார். எதிர்க்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. மாத்திரை. தனியாக விடக்கூடாது. ஊருக்கு அனுப்புவது நல்லது என்றார் டாக்டர். எனக்கு லீவு இல்லை.

ஜனவரி 19

துபாயிலிருந்து அவருடைய மூத்த அண்ணன் லீவு போட்டுக் கூடவே போகிறார். ஏர்போர்ட்டில் சஜின் என்னைப் பார்த்தார். பார்த்தாரா?

பிப்ரவரி 2

மாத்திரை சாப்பிடுகிறாராம். பேச்சு இல்லையாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சஜினின் எண்ணிலிருந்து போன். எடுத்தால் ஒரு பெண் குரல். உயிரே போய்விட்டது.

"அக்கா, நான் வள்ளிநாயகி. ரவிசங்கர் வீட்டுக்காரி. சங்கரன்கோவில்லருந்து பேசுதேன்."

போகணும் என்று சஜின் கேட்டாராம், மூத்தவர் நேற்று அங்கே கூட்டிப் போயிருக்கிறார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. அண்ணன் நல்லாப் பேசுதாவ. எங்க அவுக ரூம்ல சமைச்சது, சண்டை போட்டது, கடைசி நாள் டீ குடிச்சது வரைக்கும். நான் கேக்கக் கேக்கச் சொல்லுதாவ. ரெண்டு பேரும் அழுதுட்டு இப்பத்தான் சாப்பிட்டோம்."

புருஷனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

பிறகு சஜின் போனை வாங்கினார். "ஜெஸ்மி... இன்னும் ரெண்டு நாள் இங்க நிக்கட்டா?"

நான்கு மாதம் ஒரு வார்த்தைக்காகக் கெஞ்சியவள் நான். என்னிடம் வராத பேச்சு அங்கே வந்திருக்கிறது.

"நில்லுங்க" என்றேன்.