இலை உருவிய நாள்

பன்னிரண்டாம் மாதம் 2
மழை இல்லை. வாத்துகளுக்குத் தவிடு வைத்தேன்.
போன புத்தாண்டுக் காலையில் பக்கத்து வீட்டுத் தூயெட்டின் மஞ்சள் பூமரம் மரமே தெரியாமல் பூத்தது. என்னுடையது ஒன்பது நாள் கழித்து, விருந்தாளிகள் போன பிறகு. "உங்க மரம் கூச்சப்படுதுக்கா" என்றாள். அன்று ஊதாச் சட்டை, வாயில் வெற்றிலை. நான் எதையும் மறப்பதில்லை. முதல் நாள் பூக்காத வீட்டுக்கு வருடம் விளங்காது. போன வருடம் பதினாறு வாத்து செத்தது.

பன்னிரண்டாம் மாதம் 4
தூயெட் இலை உருவுகிறாள்! இலை போனால்தான் மொட்டு விரியும். ஊரே பதினைந்தாம் நாள் உருவும். இவள் நாலாம் நாளே. ஓ, இதுதான் ரகசியமா? இத்தனை வருடமும் இப்படித்தானா? வேலியோர வாழையை வெட்டியது நல்லதாயிற்று. எதற்கு வெட்டினேன் என்று யாரும் கேட்கவில்லை.
நானும் உருவினேன். மருமகள் ஹன், "இப்பவே உருவினா முன்னாடியே பூத்துடும் அத்தை" என்றாள். இவளுக்கு என்ன தெரியும்? சாயங்காலத்துக்குள் மரம் மொட்டை.

பன்னிரண்டாம் மாதம் 12
மொட்டு. இரண்டு மரத்திலும். ஹன் ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருப்பதிலும் ஒரு திமிர் இருக்கிறது.

பன்னிரண்டாம் மாதம் 18
இரண்டும் பூத்துக் கொட்டுகின்றன. புத்தாண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கிறது.
அவளுக்கும் கணக்கு தப்பிவிட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பொய் எதற்கு — அரை நாள்.
வேலிக்குப் போய், "உன் மரத்துக்குக் கூச்சமே இல்ல போல" என்றேன்.
"லோக் வந்திருக்கான்கா. கொரியாவுல லீவு இப்பத்தான் குடுத்தாங்களாம். இருபத்திரண்டாம் தேதி கிளம்பிடுவான். எட்டு வருஷமா புள்ள இந்தப் பூவைப் பாக்கல. அதான் முன்னாடியே உருவிட்டேன்."
பிறகு என் மரத்தைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கும் யாராவது வர்றாங்களா?"
ஆமாம் என்றேன்.

பன்னிரண்டாம் மாதம் 22
லோக் படகேறினான். தூயெட் துறையிலேயே நின்றாள், படகு திரும்பி மறைந்த பிறகும்.
அவள் வீட்டு ஓடு, குளிர்பெட்டி, சுவரில் தொங்கும் பெரிய தொலைக்காட்சி — எல்லாம் அவன் அனுப்பியது. வந்த தேதியெல்லாம் எனக்குத் தெரியும். என் மகன் செங்கல் சூளையில் வேலை. இதுவரை எதுவும் வாங்கித் தந்ததில்லை. ராத்திரியானால் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். இன்றும் மீன் குழம்பு போதவில்லை.

பன்னிரண்டாம் மாதம் 25
அவள் அடுப்பில் மூன்று நாளாகப் புகை இல்லை. எனக்கென்ன?
ஹன்னிடம் கஞ்சி கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தை ஞாபகமாகத் திருப்பி வாங்கச் சொன்னேன்.

முதல் மாதம் 1
என் மரத்தில் வெறும் தளிர். அவளுடையதிலும்.
இன்று வாசலை முதலில் மிதிப்பவரின் ராசிதான் வருடம் முழுக்க வீட்டுக்கு. தனியாக இருக்கும் விதவையை யாரும் கூப்பிட மாட்டார்கள். விடிந்ததும் நானே போய்த் தூயெட்டைக் கூட்டிவந்தேன். ஹன் வாயைப் பிளந்தாள். பேரப்பிள்ளைகள் ஏழும் அவள் மடியில் ஏறின.
வாழையிலையில் சுருட்டி அவித்து வெட்டிவைத்த இலைச்சோற்றில் உப்பு போதவில்லையாம். மூன்று துண்டு தின்ற பிறகு சொல்கிறாள். எழுதி வைக்கிறேன்: புத்தாண்டு, காலை, பச்சைச் சட்டை.
நாலாவது துண்டும் வைத்தேன். தின்றாள்.